எவர் விமானம்? – ஒரு விடுகதையின் வரலாறு

விடுகதை போடுவதும் அவிழ்ப்பதும் நம்மவர்க்குப் பழகிய கலை. வயல் வேலை முடிந்த மாலைகளிலே பெரியோர் போடச் சிறுவர் அவிழ்த்த விடுகதைகள் நம் கிராமங்கள் தோறும் உண்டு. தேங்காயும் கிணறும் உரலும் உலக்கையும் அவற்றுக்குப் பொருளாயின. இயந்திர யுகம் தோன்றியபின் விடுகதையின் பொருளும் மாறிற்று. பொது அறிவுப் போட்டிகளில் இடம்பெறும் புதுவகை விடுகதையொன்று பழைய போர் விமானங்களைப் பற்றியது. இரண்டு மூன்று குறிப்புகள் தரப்படும்; அவற்றைக் கொண்டு விமானத்தின் பெயரைக் கூறவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். "கடலுக்கு மேலே மூவாயிரம் கிலோமீட்டர் பறக்க வல்லேன். பசிபிக் சமுத்திரம் என் பெயரைக் கேட்டு நடுங்கிற்று. ஆயினும், பிறந்த ஆலையைவிட்டு முதன்முதல் வெளியே வந்தபோது மாட்டு வண்டியிலேதான் வந்தேன். நான் யார்?"

விடை: ஜப்பானியரின் 'சீரோ' என்னும் போர் விமானம்.

பெயரைச் சொன்னவர் பரிசு பெறுகிறார். விடுகதையும் அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் வரலாற்று மாணவனுக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. அந்த விமானத்தை ஏன் மாட்டு வண்டி இழுத்தது? அதனைச் செய்த கைகள் யாருடையவை? அது எவர் தலைக்குமேல் பறந்தது? இவ்விளையாட்டு எவ்வாறு தோன்றியது என்பதையும், அது எவற்றைக் கேட்க மறந்துபோயிற்று என்பதையும் சற்று ஆராய்வோம்.

அச்சத்திற் பிறந்த கலை

விமானத்தை அடையாளங் காணும் வித்தை பொழுதுபோக்காகப் பிறந்ததன்று. அதன் தாய் மரண பயம்.

1939ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் நாள் பிரித்தானியா ஜேர்மனிமீது போர்ப் பிரகடனஞ் செய்தது. மூன்றே நாட்களின்பின், செப்டெம்பர் 6ஆம் நாள் காலையில், இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்குமேல் பறந்த 'ஸ்பிற்பயர்' விமானங்கள் தம் எதிரே கண்ட இரண்டு விமானங்களைச் சுட்டு வீழ்த்தின. வீழ்ந்தவை ஜேர்மன் விமானங்களல்ல; அதே பிரித்தானிய விமானப்படையின் 'ஹரிக்கேன்' விமானங்கள். ஓர் இளம் விமானி மாண்டான். இவ்வாறு, அப்போரில் முதன்முதல் உயிரிழந்த பிரித்தானியப் போர் விமானி தன் நாட்டவரின் குண்டுக்கே இரையானான்.

இத்தகைய அவலங்களைத் தடுக்க அடையாளங் காணும் பயிற்சி பெரியதோர் இயக்கமாக வளர்ந்தது. பிரித்தானியாவில் 1925இலேயே வான்காவற் படையொன்று அமைக்கப்பட்டிருந்தது. அதில் இருந்தோரிற் பெரும்பாலோர் கடைக்காரரும் எழுதுவினைஞரும் கமக்காரரும் ஆசிரியருமாகிய சாதாரண மக்கள். 1940ஆம் ஆண்டுக் கோடையில், ஏறத்தாழ 1000 காவலிடங்களில் 30,000 பேர் முறைவைத்து வானத்தைப் பார்த்திருந்தனர். அக்காலத்து ராடார் கடலை நோக்கியே நின்றது. கரையைக் கடந்து உள்ளே வந்த விமானங்களைப் பின்தொடர மனிதரின் கண்ணையும் காதையும் விட்டால் வேறு கருவியில்லை. 1941இல் விமானங்களின் நிழலுருவங்களை அச்சிட்டு அவற்றை இனங்காணப் பயிற்றும் வார இதழொன்றும் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கிற்று. சிறகு, எஞ்சின், உடல், வால் என நான்கு உறுப்புகளாகப் பகுத்து நோக்கும் முறை அமெரிக்கப் படைவீரர்க்குக் கற்பிக்கப்பட்டது.

பள்ளிக்கூடமும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. 1942இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை அந்நாட்டு உயர்பள்ளி மாணவரிடம் ஐந்து இலட்சம் மாதிரி விமானங்களைக் கேட்டது. மாணவர் மரத்திற் செதுக்கிக் கறுப்பு வர்ணம் பூசிக் கொடுத்த அவ்வுருவங்களைக் கொண்டு துப்பாக்கி வீரர் பயிற்சி பெற்றனர். இன்று சிறுவர் விளையாட்டாகக் காணும் மாதிரி விமானம் ஒருகாலத்தில் சிறுவரிடமிருந்து அரசு பெற்றுக்கொண்ட போர்க்கருவியாகும்.

இத்துணைப் பயிற்சியும் எப்போதும் காப்பாற்றிற்று எனக் கூறமுடியாது. 1943ஆம் ஆண்டு யூலை 11ஆம் நாள் இரவு, சிசிலித் தீவின்மேல் அமெரிக்கப் படையினரை ஏற்றிச் சென்ற 144 விமானங்கள்மீது நேசநாட்டுக் கப்பல்களும் தரைப்படையுமே சுட்டன. 23 விமானங்கள் அழிந்தன. இந்த அநுபவத்தினாலேதான், 1944ஆம் ஆண்டு யூன் 6ஆம் நாள் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்கியபோது நேசநாட்டு விமானங்களின் சிறகிலும் உடலிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டப்பட்டிருந்தன. பழைய விமானப் படங்களிலே அப்பட்டைகளைக் காணும் சிறுவர் அவற்றை அலங்காரமென எண்ணுவர். சிசிலியில் வீணே மாண்டவர்களின் நினைவுச் சின்னம் அவை.

இலங்கையின் வானில்

அடையாளங் காணாமையின் விலை எவ்வளவு என்பதை இலங்கையும் அறியும்.

1942ஆம் ஆண்டு ஏப்ரில் 4ஆம் நாள் மாலை, கொக்கலைக் கடலேரியிலிருந்து புறப்பட்ட 'கற்றலீனா' வேவு விமானமொன்று தீவுக்குத் தெற்கே நடுக்கடலில் ஜப்பானியக் கப்பற் பெரும்படையைக் கண்டது. கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சலும் துணைவரும் செய்தியை வானொலி மூலம் அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே சீரோக்கள் அவர்களைச் சுட்டு வீழ்த்தின. உயிர்தப்பியவர்கள் போர்க் கைதிகளாயினர். அவர்கள் அனுப்பிய செய்தியால் கொழும்புத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல முன்னதாகவே வெளியேறின.

மறுநாள் ஈஸ்ரர் ஞாயிறு. நூற்றுக்கு மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பை நோக்கி வந்தன. எதிரி கடலில் நிற்கிறான் என்பது தெரிந்திருந்தும், ரத்மலானைத் தளத்திலிருந்த ஹரிக்கேன்கள் நிலத்தைவிட்டு எழுமுன்பே எதிரி விமானங்கள் தலைக்குமேல் வந்துவிட்டன. அதே வேளையில் திருகோணமலையிலிருந்து ஆறு 'சுவோட்பிஷ்' விமானங்கள் வந்துகொண்டிருந்தன. துணி போர்த்த ஈரடுக்குச் சிறகுகளையுடைய, வேகங் குறைந்த விமானங்கள் அவை. எதிரே வந்த சீரோக்களைத் தம்மவரின் ஹரிக்கேன்கள் என அவற்றின் விமானிகள் எண்ணினர் என்பர். ஆறும் வீழ்த்தப்பட்டன. துறைமுகத்தை நோக்கி வந்த குண்டுகளுட் சில அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் வீழ்ந்தன. போர் இன்னதென்றே அறியாத நோயாளர் மாண்டனர். நான்கு நாட்களின்பின் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் முந்நூற்றுக்கு மேற்பட்டவர்களுடன் மூழ்கியது.

தாக்கியவன் ஒரு சாம்ராச்சியத்தின் ஊழியன். தாக்கப்பட்டது மற்றொரு சாம்ராச்சியத்தின் துறைமுகம். இடையில் நின்ற இலங்கை மக்களின் சம்மதத்தை இருவருள் எவரும் கேட்டதில்லை. வானத்தில் வரும் விமானம் நண்பனா, பகைவனா என்பதே அன்றைய கேள்வி. அடிமைநாட்டுக் குடிமகனுக்கோ அக்கேள்வியே முழுமையற்றது. எவனுக்கு நண்பன், எவனுக்குப் பகைவன் என்று அவன் மேலும் கேட்கவேண்டியிருந்தது.

மாட்டு வண்டியும் சிறுமியரும்

இனி, நாம் முதலிற் போட்ட விடுகதைக்குத் திரும்புவோம்.

சீரோ என்ற பெயர் ஜப்பானிய ஆண்டுக் கணக்கிலிருந்து வந்தது. அது சேவையில் ஏற்கப்பட்ட 1940ஆம் ஆண்டு ஜப்பானிய மரபுக் கணக்கில் 2600 ஆகும். அதன் கடைசி எண்ணே விமானத்தின் பெயராயிற்று. நாகோயாவிலிருந்த மிற்சுபிஷி ஆலையில் ஹொரிகோஷி ஜிரோ என்ற பொறியியலாளரின் தலைமையில் அது உருவாயிற்று. ஆலையின் அருகே பொருத்தமான பறப்புத் தளம் இல்லை. 48 கிலோமீட்டர் அப்பாலிருந்த காகமிகஹாரா தளத்துக்குச் செல்லும் பாதையோ கரடுமுரடானது. லொறியில் ஏற்றினால் மெல்லிய உலோக உடல் அதிர்ந்து பழுதாகும். ஆகவே பாகங்களை மாட்டு வண்டிகளில் ஏற்றி மெல்ல மெல்லக் கொண்டுசென்றனர். 1939ஆம் ஆண்டு ஏப்ரில் 1ஆம் நாள் அது முதன்முறை பறந்தது.

இச்செய்தி வேடிக்கையானது மட்டுமன்று. ஒரு சமுதாயத்தின் படமே அதில் இருக்கிறது. உலகின் மிகச்சிறந்த போர் விமானத்தைச் செய்ய அந்நாட்டில் அறிவும் உலோகமும் பணமும் இருந்தன. அதை எடுத்துச் செல்ல ஒரு நல்ல பாதை இல்லை. உழவனின் எருதுகளை முன்னே பூட்டிப் பின்னே யுத்த இயந்திரத்தை ஏற்றிய வண்டியை விடத் தெளிவாக ஜப்பானிய இராணுவவாதத்தை எந்தச் சிற்பியாலும் செதுக்கிக் காட்ட முடியாது.

கடற்படை கேட்ட தூரத்தையும் சுழலுந் திறனையும் பெறுவதற்காக விமானத்தின் எடை இயன்றவரை குறைக்கப்பட்டது. தொடக்கத்தில் விமானிக்குக் கவசமில்லை. எரிபொருட் தாங்கிக்கும் பாதுகாப்பில்லை. அதாவது, விமானியின் உயிரே எடைக்கணக்கில் முதலிற் கழிக்கப்பட்டது. 1944 ஒக்டோபரிலிருந்து இளைஞர்களை அதில் ஏற்றிக் கப்பல்கள்மீது மோதவிட்டபோது, வரைபடத்திலேயே இருந்த அந்தக் கணக்கு பகிரங்கமாயிற்று. பசிபிக் போருக்கு முன்னரே, 1940 செப்டெம்பரில், சீனாவின் சுங்கிங் நகரத்து வானில் இவ்விமானம் தன் முதற் சமரை ஆடிவிட்டது என்பதையும் விடுகதை சொல்வதில்லை.

ஆலைக்குள்ளே நடந்ததையும் நோக்குவோம். 1944இல் கொரியாவிலிருந்து பள்ளிப் பருவச் சிறுமியர், கல்வியும் ஊதியமும் கிடைக்குமென்ற வாக்குறுதியுடன், மிற்சுபிஷியின் நாகோயா விமான ஆலைக்குக் கொண்டுவரப்பட்டனர். கல்வி கிடைக்கவில்லை, கூலியும் கைக்கு வரவில்லை. அவ்வாண்டு டிசெம்பரில் நேர்ந்த நிலநடுக்கத்தில் ஆலை இடிந்து அச்சிறுமியருள் அறுவர் மாண்டனர். எஞ்சியோர் மூதாட்டியராகிய பின்னரே அவர்களின் வழக்குக்கு ஒரு முடிவு வந்தது. 2018ஆம் ஆண்டு நவம்பரில் தென்கொரிய உயர் நீதிமன்றம் நிறுவனம் நட்டஈடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. எழுபத்துநான்கு ஆண்டுகள்! சீரோவின் வேகம் எத்தனை, துப்பாக்கிகள் எத்தனை என்று கேட்கும் விடுகதையில் இந்த எண்ணுக்கு இடமில்லை.

குண்டின் கோதில் ஒரு சாட்சி

இரண்டாவது விடுகதை: "எனக்கு மூன்று எஞ்சின், மேனியோ நெளிதகடு. பயணிகளை ஏற்றப் பிறந்தேன். நான் யார்?"

விடை: ஜேர்மனியின் 'யுங்கர்ஸ் 52'. இதனைச் செய்த நிறுவனத்தை உருவாக்கிய ஹூகோ யுங்கர்ஸ் நாசிகளுக்கு இணங்காதவர். 1933இல் ஆட்சிக்கு வந்த ஹிட்லரின் கூட்டம் அவரை வீட்டுக் காவலில் வைத்து, அவருடைய காப்புரிமைகளையும் நிறுவனத்தையும் பறித்துக்கொண்டது. 1935இல், தம் எழுபத்தாறாவது பிறந்தநாளன்று, அவர் காலமானார். அவருடைய பெயரைத் தாங்கிய விமானங்களோ அடுத்த ஆண்டே, ஸ்பானியக் குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்த பிராங்கோவின் படைகளை மொரோக்கோவிலிருந்து ஸ்பெயினுக்கு ஏற்றிச் சென்றன. ஆயிரக்கணக்கான படையினரை வான்வழியே கடல் கடத்திய அவ்வுதவி இல்லாதிருப்பின் பிராங்கோவின் கலகம் ஆபிரிக்கக் கரையிலேயே தேங்கியிருக்கவும் கூடும்.

1937ஆம் ஆண்டு ஏப்ரில் 26ஆம் நாள், திங்கட்கிழமை, சந்தை நாள். பாஸ்க் மக்களின் பழம்பெரும் நகராகிய குவெர்னிக்கா மீது ஜேர்மன் 'கொண்டோர்' படையின் யுங்கர்ஸ் 52களும் வேறு ஜேர்மன், இத்தாலிய விமானங்களும் குண்டுமாரி பொழிந்தன. இறந்தவர் 1654 பேர் என அன்றைய பாஸ்க் அரசு கூறிற்று. பிற்கால ஆய்வாளர் சில நூறு பேர் என்பர். எண்ணிக்கை எதுவாயினும், நகரம் எரிந்து சாம்பலாயிற்று.

இங்கே நம் கவனத்துக்குரியது அடுத்து நடந்த செயல். பிராங்கோ தரப்பினர் விமானங்களே வரவில்லை என்றனர். பின்வாங்கிய செம்படையினரே நகரைக் கொளுத்தினர் என்று உலகெங்கும் பறைசாற்றினர். அந்தப் பொய்யைச் சிதைத்தவை சிறிய சில தடயங்கள். ஜோர்ஜ் ஸ்ரீர் என்ற பத்திரிகையாளர் குண்டுக் கோதுகளில் ஜேர்மன் கழுகு முத்திரையைக் கண்டு, இரண்டு நாட்களின்பின் இலண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகையில் எழுதினார். குண்டு எவருடையது என உலகம் அறிந்துகொண்டது. அவ்வாண்டே பிக்காசோவின் மாபெரும் ஓவியம் பாரிஸ் கண்காட்சியில் நின்றது. ஜேர்மன் அரசு தன் பொறுப்பை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதோ அறுபது ஆண்டுகளின்பின், 1997இல்.

விமானத்தை அடையாளங் காணும் அறிவின் உயர்ந்த பயனை இவ்விடத்திற் காண்கிறோம். வான்காவற் படையினனுக்கு அது உயிர் காக்குங் கலை. குவெர்னிக்காவில் அது நீதிமன்றச் சாட்சி. கொன்றவன் 'நானல்ல' என்று சொல்லும்போது, கோதிலுள்ள முத்திரையைச் சுட்டிக்காட்டும் விரலே வரலாற்றாசிரியனின் விரல்.

சூனியக்காரிகள்

மூன்றாவது விடுகதை இனிமையானது. "மரமும் துணியும் என் உடல். வயலுக்கு மருந்து தெளித்தேன். மாணவர்க்குப் பறக்கக் கற்பித்தேன். என்னிலும் வேகமான பகைவன் என்னைப் பிடிக்கத் திணறினான். என்னை ஓட்டிய பெண்களை அவன் சூனியக்காரிகள் என்றான்."

விடை: சோவியத் யூனியனின் 'யூ-2', பின்னாளில் 'போ-2' எனப்பட்டது. ஏறத்தாழ நூறு குதிரைவலு எஞ்சின். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம். 1941 ஒக்டோபரில் மரீனா ரஸ்கோவாவின் முயற்சியாற் பெண்களுக்கென மூன்று விமானப்படை அணிகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் 588ஆம் இரவுக் குண்டுவீச்சு அணிக்குக் கிடைத்தது இவ்வேழை விமானம். இரவில் இலக்கை நெருங்கியதும் எஞ்சினைத் தணித்து, காற்றில் வழுக்கிவந்து குண்டிட்டு மீண்டனர் அவ்விளம் பெண்கள். சிறகின் கம்பிகளில் காற்று எழுப்பிய ஓசையைக் கேட்ட ஜேர்மன் படையினர் அவர்களுக்கு 'இரவுச் சூனியக்காரிகள்' எனப் பெயரிட்டனர். போர் முடியுமுன் அவர்கள் 23,000 தடவைகளுக்கு மேற் பறந்தனர். 1944 வரை அவர்களிடம் பாரசூட் கூட இல்லை.

இப்பெருமையைக் கூறும்போது மற்றொன்றையும் மறைத்தல் தகாது. இவ்விமானத்தை வடிவமைத்த நிக்கொலாய் பொலிகார்ப்போவ் 1929இற் பொய்க் குற்றச்சாட்டின்பேரிற் சிறையிடப்பட்டார். சிறையிலிருந்தபடியே வேறொரு போர் விமானத்தை வடிவமைத்தார். 1944இல் அவர் இறந்தபின்னரே அவர் பெயரின் முதலெழுத்துகள் யூ-2க்குச் சூட்டப்பட்டன. குவெர்னிக்காவின் பொய்யைக் கண்டிக்கும் நாம், நம் அன்புக்குரிய பக்கத்தில் நிகழ்ந்த அநீதியைப் பேசாது விடுவோமாயின் நம் சாட்சியம் அரைச் சாட்சியமே.

ஒரு தாயின் பெயர்

இறுதி விடுகதை: "என் சிறகு 43 மீற்றர் நீளம். உள்ளிருப்போர் உயரத்திலும் இலகுவாக மூச்சுவிடுவர். என் நெற்றியில் ஒரு தாயின் பெயர்."

விடை: அமெரிக்காவின் 'பி-29' இனத்தைச் சேர்ந்த 'எனோலா கே'. விமானி போல் ரிபெற்ஸ் தன் தாயின் பெயரை அதற்குச் சூட்டினான். 1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் நாள் அது ஹிரோஷிமாவில் அணுகுண்டை இட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் ஏறக்குறைய 1,40,000 பேர் மாண்டனர். அதற்கு முன்னரே, மார்ச் 9ஆம் நாள் இரவு, பி-29கள் தோக்கியோவில் எரிகுண்டுகளைச் சொரிந்து ஒரே இரவில் ஏறத்தாழ ஓரிலட்சம் மக்களைக் கொன்றிருந்தன. இவ்விமானத் திட்டத்துக்கு அமெரிக்கா செலவிட்ட பணம் அணுகுண்டுத் திட்டத்துக்குச் செலவிட்டதிலும் அதிகம்.

இவ்விமானத்தின் பாதையில் நம் தீவும் ஒரு தரிப்பிடம். 1944ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் நாள், திருகோணமலைச் சீனன்குடாத் தளத்திலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட பி-29கள் புறப்பட்டு, சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கச் சென்றன. போய்வரும் தூரம் 3800 மைலுக்கு மேல். அந்த எண்ணெயை நேற்று ஒல்லாந்தர் எடுத்தனர். அன்று ஜப்பானியர் எடுத்தனர். அதனை அழிக்க அமெரிக்கர் பறந்தனர். புறப்பட்ட மண் பிரித்தானியரின் ஆளுகையில் இருந்தது. இந்தோனேசிய மக்களின் பெயரும் இலங்கை மக்களின் பெயரும் அக்கணக்கில் எங்கே?

1995இல், அணுகுண்டின் ஐம்பதாம் ஆண்டில், எனோலா கேயை வைத்து விரிவான கண்காட்சியொன்றை நடத்த வாஷிங்ரன் நகரத்துத் தேசிய விமான நூதனசாலை திட்டமிட்டது. குண்டுக்கு இரையான மக்களின் படங்களும் பொருட்களும் அதில் இடம்பெறவிருந்தன. முன்னாட் படைவீரர் சங்கங்களும் சட்டசபையினரும் எதிர்த்தனர். திட்டம் கைவிடப்பட்டது, விமானத்தின் சில பாகங்கள் மட்டுமே காட்சிக்கு வந்தன. 2003இல் முழு விமானமும் வேறொரு மண்டபத்தில் வைக்கப்பட்டபோது, அருகே வைத்த அறிவிப்பில் அதன் அளவுகளும் தொழில்நுட்பச் சிறப்புகளுமே விரிவாக இருந்தன. மாண்டோரின் தொகையும் எழுதப்படவேண்டுமென அறிஞர் பலர் கேட்டனர். அது ஏற்கப்படவில்லை.

பொது அறிவு விடுகதைக்கும் நூதனசாலையின் அறிவிப்புக்கும் இங்கே வேறுபாடு மறைந்துவிடுகிறது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதைத் தீர்மானிக்கும் கை இரண்டிலும் ஒன்றே. சிறகின் நீளம் உண்மை. எஞ்சினின் வலு உண்மை. இவ்வுண்மைகளை மட்டுமே அடுக்கி மற்றோர் உண்மையைப் புதைத்துவிடவும் முடிகிறது.

இதனால், ஆசிரியர்கள் இவ்விளையாட்டை வகுப்பறையிலிருந்து விலக்கவேண்டுமென்று நான் கூறவில்லை. இயந்திரத்தின்மேற் சிறுவர் கொள்ளும் வியப்பு நல்ல வியப்பு. பறக்கும் ஆசை மனித குலத்தின் பழைய ஆசை. வடிவமைத்தவரின் அறிவும் பொருத்தியவரின் கைத்திறனும் போற்றத்தக்கவை. விடுகதையைப் போடுங்கள், மாணவர் பெயரைச் சொன்னதும் கைதட்டுங்கள். பின்னர், 'இதற்கு யார் பணங் கொடுத்தார்கள்? யாருடைய கைகள் இதைப் பொருத்தின? இது வானில் தோன்றியபோது கீழே நின்றவர் யார்?' என்று கேளுங்கள். மாட்டு வண்டியிலே தொடங்கும் பதில் நாகோயாவின் சிறுமியரிடமும் அங்கொடையின் நோயாளரிடமும் மாணவரை அழைத்துச் செல்லும்.

அன்று வானத்தைப் பார்த்திருந்த காவலன் விமானத்தின் நிழலுருவைக் கண்டு அதன் பெயரைச் சொன்னான். அந்த நிழல் எவர் மேல் விழுந்தது என்பதையும் நம் மாணவர் சொல்லக் கற்கவேண்டும்.